விசைவழி மூலகமும் தொடக்க விகாரமும்: ஏழு ஆண்டுப் பழக்கம்

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியின் மொட்டை மாடி பீம்களைக் கணக்கிடும்போதுதான் விசைவழி மூலகத்தை, அதாவது பீமின் உள்விசைகளிலிருந்து தொடங்கும் கணினிக் கணிப்புத் துண்டை, முதலில் கையிலெடுத்தேன். ஏழு ஆண்டுகளாக அதை விடவில்லை. பெரும்பாலும் ஓப்பன்சீஸ் (OpenSees) என்ற கட்டமைப்புக் கணிப்பு மென்பொருளில்தான் ஓட்டுகிறேன்.

கொழும்பு வெயில் லேசுப்பட்டதல்ல. 20 பாகை சூடேறினால் கொங்கிரீட் மீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும். சுமையில்லாமலே வரும் இந்த நீளமாற்ற விகிதத்தைத்தான் தொடக்க விகாரமாகக் கணக்கில் கொடுக்கிறோம். இரு முனையும் அசையாமல் பிடிபட்டால், யங்ஙின் மட்டு (பொருளின் விறைப்பு) 30 கிகாபாஸ்கல் எனில், 6 மெகாபாஸ்கல் அழுத்தத் தகைப்பு எழும்.

பீம் எப்படி வளையும் என்ற ஊகத்திலிருந்து தொடங்கும் இடப்பெயர்ச்சிவழி மூலகத்தில் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. முனைகள் சுழலத் தடையில்லாத எளிய தாங்கிகளில் கிடக்கும் பீமில், வெப்பத்தால் வரும் தொடக்க வளைவு நீளத்தோடு பரவளையமாக மாறினாலும் பீமை வளைக்கும் திருப்பம் எதுவும் வரக்கூடாது. ஆனால் அந்த மூலகத்துக்கு நேர்கோடாக மாறும் வளைவு மட்டுமே தெரியும். மிச்சத்தைப் பொய்த் திருப்பமாக உள்ளே காட்டிவிடும். விசைவழி மூலகம் விசைகளைச் சமநிலையிலிருந்தே எடுக்கிறது. தொடக்க விகாரத்தை நீளத்தோடு தொகையிட்டு முனைச் சுழற்சியிலும் நீட்சியிலும் சேர்ப்பதோடு சரி. திருப்பம் பூச்சியம் என்றால் பூச்சியம்தான்.

அந்த நிம்மதியில் ஒருமுறை ஏமாந்தேன். 6 மீட்டர் பீம். பாதிக்கு வெயில், பாதிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல். ஒரே மூலகம், ஐந்து லொபாட்டோ புள்ளிகள்; தொகையிடும்போது மூலகம் பீமைப் பார்க்கும் இடங்கள் அவை மட்டும்தான். நடுப்புள்ளி சரியாக நிழலின் விளிம்பில் விழ, அதை வெயில் பக்கம் சேர்த்துவிட்டேன். ஒரு முனையை அவிழ்த்துப் பார்த்தால் நீட்சி 0.81 மில்லிமீட்டர், கைக்கணக்கோ 0.6. இரண்டு நாள் தலையைச் சொறிந்தேன். நடுப்புள்ளியின் பங்கு முழுவதும் வெயிலுக்குப் போனதால், மூலகம் 50 சதவீதத்துக்குப் பதிலாக 68 சதவீத நீளத்தைச் சூடாக்கியிருந்தது.

"அண்ணா, புள்ளிகளைக் கூட்டினால் போதாதா?" என்று அலுவலகத் தம்பி கேட்டார். ஏழாக்கிப் பார்த்தோம்: 62 சதவீதம். நிழல் முடியும் இடத்தில் ஒரு கணுவை (மூலகங்கள் சேரும் புள்ளியை) வைத்து பீமை இரண்டாக வெட்டியதும் 0.6 வந்தது.

இன்னொரு பொறி, கூட்டல் கழித்தல் குறி. ஓப்பன்சீஸில் தொடக்க விகாரத்தை ஏற்கும் பொருள் மாதிரிக்கு (InitStrainMaterial) நாம் கொடுக்கும் பெறுமானம் மொத்த விகாரத்தோடு கூட்டப்படுகிறது. ஆகவே வெப்ப விரிவுக்கு எதிர்க்குறி. மறந்தால் நண்பகல் வெயிலில் மாடி சுருங்கும். நான் சுருக்கியும் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஒரு முனையை அவிழ்த்த மாதிரியை ஓட்டி, நீட்சியைக் கல்குலேட்டரோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் அந்த முனையைப் பூட்டுகிறேன்.