நாலு குறிச்சி, ஒரு வாடகை வீடு

வவுனியாவில் படிப்பித்துக்கொண்டிருந்த என் ஒன்றுவிட்ட தங்கைக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் வந்தது. வீட்டில் 5 பேர். அவள், கணவர், 6 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 74 வயதான சின்னம்மா. "அண்ணை, ஒரு வாடகை வீடு பாருங்கோ" என்றாள். பார்க்கத் தொடங்கினேன். எந்தக் குறிச்சியின் பெயரைச் சொன்னாலும் எங்கள் உறவுக்காரர் வாடகையைக் கேட்கவில்லை. "அங்கை என்ன ஆக்கள்?" என்றுதான் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு இங்கே என்ன பொருள் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதியைக் கேட்கிறார்கள், கொஞ்சம் சமயத்தையும். அதற்குப் பதில் தேட எனக்கு மனமில்லை. ஆனால் அதே கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் வீடு தேடுகிறவருக்கு உதவும். அங்கே இருப்பவர்களுக்கு என்ன வயது? இரவு 7 மணிக்கு எத்தனை வீட்டில் லைற் எரிகிறது? இடாப்பில் பேர் இருப்பவர்கள் வீட்டிலும் இருக்கிறார்களா?

மொத்தக் கணக்கு தெரிந்ததுதான். 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ் மாநகர எல்லைக்குள் 118,224 பேர். அடுத்த முழுமையான கணக்கு 31 வருடம் கழித்து, 2012இல் வந்தது. அப்போது 88,138 பேர். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 நாடாளுமன்ற ஆசனங்கள், 2015இல் 7, 2024இல் 6. "சனம் குறைஞ்சு போச்சு" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்தக் குறிச்சியில் எந்த வயதுச் சனம் குறைந்தது என்றுதான் நாங்கள் பேசுவதில்லை. வீடு பார்க்கப் போனபோது அதுதான் என் கண்ணில் பட்டது.

முதலில் நல்லூர். சின்னம்மாவின் தெரிவு அது. கோயில் நடை தூரம், ஒழுங்கை சுத்தம், கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை. ஒரு பின்னேரம் கோயிலுக்குக் கிழக்குப் பக்கமாக ஓர் ஒழுங்கைக்குள் நடந்தேன். 11 கேற். நாலுக்கு வெளியால் பூட்டு. மூன்று வீட்டில் வயதான தம்பதி அல்லது தனியே ஓர் அம்மா. ஒரு வீட்டில் காவலுக்கு இருக்கும் குடும்பம். அவர்கள் கிளிநொச்சிப் பக்கம், வீட்டுக்காரர் கனடா. அந்த ஒழுங்கை முழுவதிலும் ஒரு சின்னச் சைக்கிளைக்கூடக் காணவில்லை. மதில்கள் மட்டும் வருடா வருடம் உயர்ந்துகொண்டு போகின்றன. உள்ளே யாருமில்லாத வீட்டுக்குத்தான் மதில் அதிக உயரம் என்பது என் கணிப்பு.

பார்த்த வீடு அருமையானது. நாலு அறை, மாபிள் தரை, வாடகை நான் நினைத்ததில் பாதி. பராமரிக்கும் அக்கா இரண்டு நிபந்தனை சொன்னார். ஒன்று, வீட்டுக்குள் மச்சம் சமைக்கக்கூடாது. சரி, அது சின்னம்மாவுக்குப் பிரச்சினையில்லை. மற்றது, நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டில் இருந்து வீட்டுக்காரர் குடும்பமாக வருவார்கள், நீங்கள் பின்பக்க அறை இரண்டுக்குள் இருந்துகொள்ள வேண்டும். வாடகை ஏன் பாதி என்பது அப்போதுதான் விளங்கியது. ஆடி, ஆவணியில் அந்த ஒழுங்கையைப் பார்ப்பவர் அங்கே இளந்தாரிகளும் குழந்தைகளும் நிறைந்திருப்பதாக நினைப்பார். திருவிழாவை முடித்துவைக்கும் வைரவர் மடை முடிந்து இரண்டு கிழமைக்குள் திரும்பவும் கேற்றுகளில் பூட்டு.

திருநெல்வேலி இதற்கு நேரெதிர். அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 1974இல் அங்கே வந்த வளாகம்தான் இன்றைய பல்கலைக்கழகம். அதைச் சுற்றி இப்போது அறை வாடகை ஒரு தொழில். பரமேஸ்வராச் சந்தியில் நின்றால் கடந்து போகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இருபதுகளில்தான் வயதிருக்கும். சிங்களமும் காதில் விழும். ஒரு வீட்டை எட்டு மாணவருக்கு அறை அறையாகக் கொடுத்தால் வருகிற காசை ஒரு குடும்பத்தால் கொடுக்க முடியாது. அதனால் வீட்டுக்காரர் குடும்பத்தை விரும்புவதில்லை. விடுமுறை விட்டால் குறிச்சியே காலி, சாப்பாட்டுக் கடைகளில் பாதிக்குக் கதவு சாத்தியிருக்கும். இன்னொன்று, திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இல்லை, நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வருகிறது. நாங்கள் "ரவுண்" என்று சொல்கிற பரபரப்பில் பாதி, மேலே சொன்ன 88,138க்குள் அடங்கவே அடங்காது.

குருநகரைச் சொன்னதும் குடும்பத்துக்குள் முணுமுணுப்பு. பழைய பெயர் கரையூர். கடற்றொழில், கத்தோலிக்கம், யாகப்பர் கோயில். ஆனால் பிள்ளைகளைப் பொறுத்தமட்டில் நான் பார்த்த நாலில் இதற்கு நிகராக ஒன்றுமில்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கைக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது, அவ்வளவு பிள்ளைகள். உதைபந்து, பட்டம், சண்டை எல்லாம் உண்டு. அம்மம்மா, மகள், பேத்தி மூன்று தலைமுறையும் ஒரே வளவுக்குள். இரவு தொழிலுக்குப் போன ஆண்கள் பகலில் நித்திரை கொள்வார்கள் என்பதால், காலையில் போனால் இது பெண்களின் குறிச்சி என்று நினைக்கத் தோன்றும். இங்கேயும் போர் தின்னாமல் விடவில்லை. 1993இல் யாகப்பர் கோயில்மீது குண்டு விழுந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ் நகரம் உட்பட வலிகாமமே எழும்பிப் போனபோது இவர்களும் போனார்கள். ஆனால் கடல் இங்கே இருப்பதால் திரும்பி வந்தார்கள். தொழில் மண்ணோடும் தண்ணீரோடும் கட்டப்பட்டிருந்தால் சனம் திரும்பும். சான்றிதழோடு கட்டப்பட்டிருந்தால் அது விமானம் ஏறிவிடும். நல்லூருக்கும் குருநகருக்கும் இடையில் நான் கண்ட பெரிய வித்தியாசம் இதுதான், ஆக்களைக் கேட்கிறவர்கள் நினைக்கிற வித்தியாசம் வேறு.

பிரச்சினை என்னவென்றால் அங்கே வாடகைக்கு வீடே இல்லை. ஒரு பரப்புக் காணிக்குள் அண்ணனும் தம்பியும் மாடி எழுப்பி இருக்கிறார்கள். பூட்டின வீடு இருந்தால்தானே வாடகைக்கு வரும்? கிடைத்தது ஒரு மேல்மாடி. சின்னம்மா படியைப் பார்த்தார், குழாய்த் தண்ணீர் வராத நேரத்துக்கு வைத்திருந்த கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தார். "சவர்" என்ற ஒரு சொல்லோடு அந்த வீடு போய்விட்டது.

கடைசியாகச் சோனகதெரு. அதை நான் பட்டியலில் சேர்க்கவேயில்லை, ஓட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் சொல்லித்தான் போனேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி புலிகள் இங்கிருந்த முஸ்லிம்களை 2 மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். ஒரு குறிச்சியின் சனத்தொகை ஒரே பின்னேரத்தில் பூச்சியமானது இங்கேதான். தையல்காரர், நகைக்காரர், இரும்புக்கடைக்காரர், ஒஸ்மானியாக் கல்லூரி ஆசிரியர் என்று எல்லோரும் போனார்கள். பெரும்பாலோர் புத்தளம் சேர்ந்தார்கள். 2009க்குப் பிறகு கொஞ்சப் பேர் திரும்பினார்கள். எல்லோராலும் முடியவில்லை. அன்று ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நாலு குடும்பம். அதே ஒரு பரப்பை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு குசினிதான் வரும். பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்து அங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். அதனால் பாதிக் குடும்பம் அங்கே, பாதி இங்கே. ஒரு வீடு புதுப் பெயின்ற்றோடு இருக்க, பக்கத்து வளவில் கூரையில்லாத சுவருக்குள் ஆல் முளைத்து நிற்கிறது.

நல்லூரின் பூட்டும் சோனகதெருவின் பூட்டும் ஒன்று போலத் தெரியும். நல்லூர்க்காரர் திறப்பைத் தானே கொண்டு போனார். இங்கே திறப்பைக் கொண்டு போகக்கூட நேரம் கொடுக்கவில்லை. வெளியேறிய இரண்டு பேரையும் "இடம்பெயர்ந்தோர்" என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தில், வண்ணார்பண்ணை எல்லையோடு, மூன்று அறை வீடொன்று இருந்தது. படி இல்லை, தண்ணீர் பரவாயில்லை. வீட்டுக்காரர் புத்தளத்தில் இருந்து பஸ்ஸில் வந்து காட்டினார். எங்களுக்கு வசதியான காலம் எது, பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்றெல்லாம் கேட்டார். நாங்கள் என்ன ஆக்கள் என்று மட்டும் கேட்கவில்லை. அவரது தங்கையின் பிள்ளைகள் அடுத்த வீட்டில் இருந்தார்கள். புத்தளத்துப் பேச்சு, யாழ்ப்பாணத்துப் பேச்சு இரண்டும் கலந்து வந்தது. என் மருமக்கள் அரை மணி நேரத்தில் அவர்களோடு கிணற்றடியில் நின்றார்கள். சின்னம்மாவுக்குக் கோயில் தூரம்தான், ஓட்டோவில் போகலாம். உறவுக்காரரில் இரண்டு பேர் இன்னும் எங்களோடு கதைப்பதில்லை.

பதிவுக்கு, கிராம அலுவலரான விதானையாரிடம் நானும் கூடப் போனேன். அவர் கொப்பியைப் புரட்டி வீட்டு இலக்கத்தில் விரலை வைத்தார். அந்த இலக்கத்துக்கு நேரே ஏற்கெனவே 8 பேர் இருந்தார்கள், எல்லோரும் புத்தளத்தில். கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் இவர்கள் 5 பேரையும் நெருக்கி எழுதினார்.