முதியோர் இல்லத்தில் பொழுதுபோக்கு: அம்மாவோடு சில வருட அனுபவம்

அம்மா முதியோர் இல்லத்தில் சேர்ந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இல்லம் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அறை, கழிவறை, நர்ஸ் எல்லாம் பாருங்கள், ஆனால் பகல் முழுக்க அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதையும் கட்டாயம் பாருங்கள்.

ஆரம்பத்தில் ஹாலில் டிவி மட்டும்தான். மதியமெல்லாம் அம்மா அதன் முன்னால் தூங்கி வழிவார், ராத்திரி விழித்துக் கிடப்பார், தூக்க மாத்திரை கொடுக்கலாமா என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அப்புறம் இதற்கென்றே ஒருவரை வேலைக்கு வைத்தார்கள். சாயங்காலம் சீட்டாட்டம், பாட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடற்பயிற்சி. பகல் தூக்கம் குறைந்ததும் இரவுத் தூக்கம் தானாக வந்தது, மாத்திரைப் பேச்சும் நின்றது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் விழாமல் இருக்க, வாரத்தில் மூன்று நாளாவது உடலின் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது.

ஆனால் அம்மாவை உண்மையில் மாற்றியது செடிகள்தான். வராந்தாவில் இருக்கும் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் பொறுப்பு. யாராவது முந்திக்கொண்டு ஊற்றிவிட்டால் கோபம் வரும், அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்! 1976-இல் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த செடியைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்த்தார்கள், எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதும் அவர்கள் முடிவு. இன்னொரு மாடியில் செடியும் சினிமாவும் உண்டு, ஆனால் எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொண்டார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் அதிகச் சுறுசுறுப்பாக இருப்பதாக நர்ஸுகள் மதிப்பிட்டார்கள்.

பிடிக்காதவையும் உண்டு. மைக் வைத்து ஐம்பது பேரை உட்காரவைத்தால், காது மெஷின் போட்டவர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஐந்தாறு பேர் சேர்ந்த குழுதான் சரி. காலமெல்லாம் கணக்கு எழுதியவர் கையில் குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைக் கொடுப்பது அவரை அவமதிப்பது. வர விருப்பமில்லாதவரைச் சக்கர நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வருவதும் அப்படித்தான். எப்போதாவது வெளியாட்கள் வந்து நடத்தும் பெரிய நிகழ்ச்சியைவிட, தினமும் அரை மணி நேரம் நடக்கும் சின்ன விஷயத்துக்குத்தான் என் மதிப்பெண்.

மறதி நோய் உள்ளவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கை பழகிய வேலை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. தையல்காரராக இருந்த ஒருவர் அங்கே பொத்தான்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார், சாயங்காலம் ஆனால் வருகிற பதற்றம் அந்த நேரத்தில் அவரிடம் இருக்காது.

இல்லத்தைப் பார்க்கப் போனால் அட்டவணையை மட்டும் நம்பாதீர்கள், சாயங்காலம் நான்கு மணிக்குப் போய் ஹாலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பொறுப்பாளர் லீவு போட்டால் யார் நடத்துவார் என்றும் கேளுங்கள். அம்மா இருக்கும் இடத்தில் அந்தக் குறை இன்னும் தீரவில்லை, ஞாயிற்றுக்கிழமையானால் மறுபடி டிவிதான்.