திருப்பதி: 24 மணி நேர லாட்ஜா, நடுத்தரச் செயின் ஹோட்டலா?

மாதம் நாலு முறை சித்தூர், திருப்பதி என்று அலைபவர் வாடகைக்கு முன் நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். கோவிந்தராஜ சுவாமி கோயிலையும் ஸ்டேஷனையும் சுற்றியுள்ள லாட்ஜ் பலவற்றில் 24 மணி நேர முறை. விடிகாலை 5க்கு வந்தால் மறுநாள் 5 வரை ரூம் உங்களுடையது. செயின் ஹோட்டலில் பெரும்பாலும் பகல் 12 அல்லது 2 மணிக்குத்தான் செக்-இன். விடிகாலையில் இறங்கினால் கூடுதல் காசு, சில சமயம் இரண்டு நாள் வாடகை. ரயிலில் வருபவருக்கு லாட்ஜ்தான் சரி.

லாட்ஜ் சறுக்குவது வெந்நீரிலும் கரண்ட்டிலும். வெந்நீர் காலையில் சில மணி நேரம் மட்டும் வரலாம். ஜெனரேட்டர் ஃபேன், லைட்டோடு நின்றுவிடலாம், ஏசிக்கு வராது. முன்பணம் தருமுன் இரண்டையும் கேளுங்கள். ஓயோ, ட்ரீபோ போன்ற ஹோட்டல் செயின்களின் பலகை இருந்தாலும் கட்டடம் பெரும்பாலும் வேறொருவருடையது. ஊருக்கு ஊர் தரம் மாறும்.

மறுநாள் மீட்டிங், நல்ல தூக்கம், காலை டிபன் வேண்டுமா? நடுத்தர ஹோட்டல். ஜிஎஸ்டி பில் வாங்கிக் கம்பெனி வரியைத் திரும்பப் பெறலாம் என்பதற்காக மட்டும் அங்கே போகாதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை ₹7,500 வரையிலான ரூமுக்கு 5%தான். தமிழ்நாட்டில் மட்டும் ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனிக்கு ஆந்திர ரூம் வரி முன்பும் திரும்பக் கிடைத்ததில்லை.