பிளஸ் டூ மதிப்பெண்ணா, நீட் மதிப்பெண்ணா: எது எதை அளக்கிறது?

தமிழகத்தின் மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்கள் 2007 முதல் 2016 வரை பிளஸ் டூ மதிப்பெண்படி நிரப்பப்பட்டன. 2017 முதல் நீட் மதிப்பெண்படி நிரப்பப்படுகின்றன. அளப்பதாகச் சொல்வதையே ஒரு தேர்வு அளக்கிறதா என்பதே அதன் ஏற்புடைமை; இவ்விரண்டையும் அந்த அளவுகோலிலேயே பார்க்கலாம்.

வகுப்பில் நடத்திய பாடத்தையே கேட்டது பிளஸ் டூவின் பலம். ஆனால் பாடநூலின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்தவரையும் புரிந்து படித்தவரையும் அது பிரித்துக் காட்டவில்லை; பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நடத்திய தனியார் பள்ளிகள் பல.

நீட் இந்த ஓட்டையை அடைத்தது. அதில் சூத்திரத்தைப் பொருத்தத் தெரிந்தாக வேண்டும். ஆயினும் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு என்னும் முறையில், எந்தக் கேள்வியைத் தொடாமல் விடுவது என்ற சாமர்த்தியமும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. அதைக் கற்றுத்தருவது பள்ளியன்று, கட்டணம் வாங்கும் பயிற்சி மையமே. அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தேவைப்பட்டது (பழைய முறையிலும் அவர்கள் சொற்பமே என்பதைப் பலர் சொல்வதில்லை). என்னைக் கேட்டால், பிளஸ் டூ வினாத்தாளைத் திருத்துவதே நேர்மைக்கு நெருக்கமான வழி. அது கல்வித்துறையின் கையிலேயே இருக்கிறது.