யாருக்கு முதல் ஊசி, யாருக்கு எத்தனை நாள் தனிமை: சிங்கப்பூரின் பெருந்தொற்றுக்காலச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். நம் உடலையும் நம் நாள்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட ஒரு பொதுச் சேவைக்கு, அது முடிந்து சில ஆண்டுகள் சென்ற பிறகாவது, அதே கவனத்துடன் ஒரு மதிப்பீடு எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். 2020 ஜனவரி 23 அன்று சிங்கப்பூரில் முதல் கொவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்டார். 2023 பிப்ரவரி 13 அன்று நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை, அதன் மிகத் தாழ்ந்த படியான பச்சைக்குத் திரும்பியது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் இங்கு வாழ்ந்த எவரும் இரண்டு சேவைகளில் ஒன்றையாவது பயன்படுத்தாமல் இருந்திருக்க முடியாது: ஒன்று தடுப்பூசி, மற்றொன்று தனிமைப்படுத்தல். இரண்டையும் ஒரே கேள்வியை வைத்து மதிப்பிடுகிறேன். ஒருவர் தம் முறை எப்போது வரும் என்பதையும், தாம் ஏன் அந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பதையும், தமக்குப் புரியும் மொழியில், முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிந்ததா?

தடுப்பூசியைப் பொறுத்தவரை, முதல் ஆறு மாதங்களுக்கு இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ முழு மதிப்பெண் தருவேன். ஃபைசர்-பயோஎன்டெக் தடுப்பூசிக்கு 2020 டிசம்பர் 14 அன்று அனுமதி அளிக்கப்பட்டது, ஒரே வாரத்தில் முதல் தொகுதி சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கியது, டிசம்பர் 30 அன்று மருத்துவத் துறையினர் முதல் ஊசிகளைப் போட்டுக்கொண்டனர். கையில் இருந்ததோ சிறிதளவு மருந்து. வேண்டியிருந்ததோ ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு. நிபுணர் குழு வகுத்த வரிசையில் மருத்துவமனை ஊழியர்கள் முதலில் நின்றார்கள், அவர்களை அடுத்து விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் வெளிநாட்டுப் பயணிகளை நேரடியாக எதிர்கொள்ளும் ஊழியர்கள் நின்றார்கள், பின்னர் வயது இறங்குவரிசையில் பொதுமக்கள் அழைக்கப்பட்டார்கள். 2021 ஜனவரி 27 அன்று அங் மோ கியோவிலும் தஞ்சோங் பகாரிலும் 70 வயதைக் கடந்தோருக்கு முன்னோட்டமாகத் தொடங்கியது. மார்ச் மாதத்தில் அறுபதைத் தாண்டியோரும், மார்ச் 24 முதல் 45 வயதைத் தாண்டியோரும் பதிவுசெய்ய முடிந்தது. பக்கத்து நாடான இந்தோனேசியா இதற்கு நேர்மாறாக, வெளியே சென்று உழைக்கும் வயதினரே நோயைப் பரப்புகிறார்கள் என்று கருதி அவர்களை முன்னால் நிறுத்தியது. இரண்டுக்கும் காரணம் உண்டு. பரவலைத் தடுப்பதா, மரணத்தைத் தடுப்பதா என்ற கேள்விக்குச் சிங்கப்பூர் மரணத்தை என்று பதில் சொன்னது, அதை ஒளிக்காமலும் சொன்னது. வரிசை அறிவிக்கப்பட்டிருந்ததால், பிரதமர் லீ சியன் லூங் ஜனவரி 8 அன்று ஊசி போட்டுக்கொண்டபோது அதை யாரும் முந்திக்கொண்ட செயலாகப் பார்க்கவில்லை; தயங்கிய மூத்தோருக்கு அது நம்பிக்கை அளித்தது என்றே சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு அப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குக் கடிதம் வந்தது, கூடவே தமிழில் விளக்கமும் இருந்தது. இணையத்தில் பதிவுசெய்யத் தெரியாதவர்கள் சமூக மன்றத்துக்கு நேரில் சென்றால் அங்குள்ளவர்கள் பதிவுசெய்து கொடுத்தார்கள். ஊசி போடும் நாளில் மேசைக்கு மேசை அழைத்துச் சென்ற தொண்டூழியர்கள் அவசரப்படுத்தவில்லை, தாதி, "அம்மா, ரத்தம் உறையாம இருக்க மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா? முன்னாடி எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்திருக்கா?" என்று தமிழில் நிதானமாகக் கேட்டபோது, அதுவரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா தாமாகவே பேசத் தொடங்கினார். ஊசிக்குப் பிறகு முப்பது நிமிடங்கள் உட்காரவைத்துக் கவனித்தார்கள், இரண்டாவது ஊசிக்கான நாளும் கையில் இருந்தது, கட்டணம் இல்லை. தடுப்பூசியால் கடுமையான பாதிப்பு நேர்ந்தால் வழங்கப்படும் நிதியுதவித் திட்டமும் இருந்தது. உயிரிழப்புக்கோ நிரந்தர உடற்குறைக்கோ அத்தொகை 225,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. ஒரு சேவை தன்னால் தீங்கும் நேரலாம் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு ஏற்பாடும் செய்து வைத்திருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

2021 மே மாதத்தில் மருந்து போதாமல் போனபோது எடுக்கப்பட்ட முடிவும் பாராட்டத்தக்கது. இரண்டு ஊசிகளுக்கு இடையிலான மூன்று, நான்கு வார இடைவெளியை ஆறு முதல் எட்டு வாரங்களாக நீட்டினார்கள். சிலருக்கு இரண்டு ஊசிகளை விரைவாகப் போடுவதைவிடப் பலருக்கு ஒன்றையாவது போட்டுவிடுவது மேல் என்ற கணக்கு அது. எல்லாரும் கொஞ்சம் காத்திருந்தார்கள், காரணம் எல்லாருக்கும் சொல்லப்பட்டது.

குறை தொடங்குவது ஜூன் மாதத்தில். 12 முதல் 39 வயது வரையிலானோருக்கு ஜூன் 11 அன்று பதிவு திறந்தபோது, முதல் இரண்டு வாரங்கள் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டன. அதுவரை ஆபத்தை வைத்து வகுக்கப்பட்ட வரிசை அங்கே கடப்பிதழை வைத்து வகுக்கப்பட்டது. மருந்து குறைவாக இருக்கும்போது ஒரு நாடு தன் மக்களை முதலில் கவனிப்பதை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒரே வீட்டில் அறை வாடகைக்கு இருப்பவருக்கும் வீட்டுக்காரரின் மகனுக்கும் இடையே நோய்க்கிருமி அந்த வேறுபாட்டைப் பார்க்காது. இரண்டு வாரங்களோடு அது முடிந்ததால் பெரிய சேதம் இல்லை.

இன்னொரு குறை மூத்தோரைப் பற்றியது. வரிசையில் முதலில் நிறுத்துவது வேறு, அவர்களை வரவைப்பது வேறு. ஜூன் மாதத்திலிருந்து 60 வயதைத் தாண்டியோர் பதிவில்லாமல் நேரே வரலாம் என்று அறிவித்தார்கள், நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே மருத்துவக் குழுக்கள் சென்றன. ஆனாலும் ஜூலையில் ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஈரச்சந்தைகளுக்கு நோய் பரவியபோது, ஊசி போடாத மூத்தோர் இன்னும் கணிசமாக இருந்தார்கள், அதனாலேயே கட்டுப்பாடுகள் மீண்டும் இறுகின. வீடு வீடாகச் செல்லும் அந்த முயற்சி இரண்டு மாதங்கள் முன்பே முழு வேகத்தில் தொடங்கியிருக்க வேண்டும்.

தனிமைப்படுத்தலுக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கான 14 நாள் ஹோட்டல் தனிமை, 2020 மார்ச் இறுதியில் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தோருக்குத் தொடங்கி, ஏப்ரல் 9 முதல் எல்லா நாட்டினருக்கும் விரிந்தது. முதலில் அரசாங்கமே செலவை ஏற்றது. ஜூன் மத்தியிலிருந்து பெரும்பாலோர் 2,000 வெள்ளி கட்ட வேண்டியதாயிற்று. எந்த ஹோட்டல் என்பது விமான நிலையத்தில் இறங்கிய பிறகே தெரிந்தது. சென்னையிலிருந்து திரும்பிய என் மைத்துனர் தங்கிய ஹோட்டலில் அறை தூய்மையாக இருந்தது, மூன்று வேளையும் உணவு கதவுக்கு வெளியே நேரத்துக்கு வந்தது, தொலைபேசியில் கூப்பிட்டால் பணிவாகப் பேசினார்கள். சைவ உணவு என்று எழுதிக் கொடுத்திருந்தும் இருமுறை மீன் வந்ததும், சன்னலைத் திறக்க வழியில்லாததும் அவருடைய குறைகள். அவற்றைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன்; தொடங்கும் நாளும் முடியும் நாளும் பரிசோதனை நாளும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன, மீறினால் 10,000 வெள்ளி அபராதம் அல்லது ஆறு மாதச் சிறை என்பதும் தெரிந்திருந்தது.

இந்தியாவிலிருந்து வருவோருக்கான விதிகளில் அந்தத் தெளிவு இல்லாமல் போனது. டெல்டா வகைக் கிருமி பரவிய 2021 ஏப்ரல் இறுதியில், குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இல்லாதவர்கள் இந்தியாவிலிருந்து நுழைய முடியாதபடி எல்லை மூடப்பட்டது. மற்றவர்களுக்குத் தனிமைக்காலம் 21 நாளாயிற்று, ஜூன் இறுதியில் மீண்டும் 14 நாளாகக் குறைந்தது. மூடியதற்கான மருத்துவக் காரணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தந்தையின் இறுதிச் சடங்குக்காகத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போன வேலை அனுமதிக்காரர்கள் அக்டோபர் இறுதிவரை திரும்ப முடியாமல் இருந்தார்கள். இங்கே அவர்களுடைய வாடகையும் பிள்ளைகளின் பள்ளியும் நிற்கவில்லை. நோய் எந்த அளவுக்குக் குறைந்தால் கதவு திறக்கும் என்று ஓர் அளவு சொல்லப்பட்டிருந்தால் அந்த ஆறு மாதங்களைத் தாங்குவது எளிதாக இருந்திருக்கும். நவம்பர் 29 அன்று, தடுப்பூசி போட்டோருக்கான பயணத் தடம் சென்னை, டெல்லி, மும்பை நகரங்களுக்குத் திறந்தபோதுதான் பலர் தனிமையின்றிக் குடும்பத்தைப் பார்த்தார்கள்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய தோல்வியாக நான் கருதுவது வெளிநாட்டு ஊழியர்களின் தங்கும் விடுதிகளை. 2020 ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11, வெஸ்ட்லைட் தோ குவான் ஆகிய இரு விடுதிகள் தனிமைப்பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய 20,000 ஊழியர்கள் உள்ளேயே இருக்க உத்தரவிடப்பட்டார்கள். விரைவில் எல்லா விடுதிகளும் அப்படியே ஆயின. ஹோட்டலில் தனிமை என்றால் ஓர் அறைக்கு ஒருவர். விடுதியில் தனிமை என்றால் பத்துப் பன்னிரண்டு பேரும் அதற்கு மேலும் ஒரே அறையில், ஒரே கழிப்பறையைப் பகிர்ந்துகொண்டு. உணவு, ஊதியம், இலவச மருத்துவம், இணையச் சேவை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யப்பட்டதையும், உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்ததையும் மறைத்து எழுதுவது நியாயமாகாது. ஆனாலும் அந்த ஆண்டு டிசம்பரில் வெளியிடப்பட்ட கணக்கின்படி விடுதிகளில் இருந்த 323,000 பேரில் 152,794 பேருக்கு நோய் தொற்றியிருந்தது. அது 47 விழுக்காடு.

தடுப்பூசி அவர்களுக்கு 2021 மார்ச்சில் தொடங்கியது. ஐந்து பெரிய விடுதிகளில், அதுவரை தொற்றாத ஏறத்தாழ 10,000 பேர் முதலில் அழைக்கப்பட்டார்கள். இளம் வயது, மரண ஆபத்து குறைவு, பாதிப் பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் என்ற காரணங்களால் மூத்தோருக்குப் பின்னால் நிறுத்தப்பட்டதை நான் ஏற்கிறேன். இளம் குடிமக்களுக்கு முன்பே அவர்களுக்குக் கிடைத்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஊசிக்கான வரிசையில் அவர்களுடைய ஆபத்து குறைவு என்று கணக்கிடப்பட்டது. வெளியே செல்லும் உரிமையில் அதே மனிதர்களின் ஆபத்து அதிகம் என்று கணக்கிடப்பட்டது. முதலாவது மரணத்தைப் பற்றிய கணக்கு, இரண்டாவது பரவலைப் பற்றிய கணக்கு. தனித்தனியே இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டுக்கும் விலை கொடுத்தவர்கள் மட்டும் ஒரே மனிதர்களாக இருந்தார்கள்.

ஊசி போட்ட பிறகும் அந்தக் கணக்கு மாறவில்லை. 2021 ஆகஸ்டில் மற்றவர்கள் ஊசி போட்டதற்கான சான்றைக் காட்டி உணவகத்தில் அமர்ந்து சாப்பிட்டார்கள். விடுதி ஊழியர்களுக்கு செப்டம்பரில்தான், வாரத்துக்கு 500 பேர் என்ற அளவில், வெளியே செல்லும் முன்னோட்டம் தொடங்கியது. விடுதியிலிருந்து வெளியே சென்றுவரப் பொதுவாகத் தேவைப்பட்ட அனுமதிச் சீட்டு 2022 ஜூன் 24 வரை நீடித்தது, அதன் பிறகும் லிட்டில் இந்தியா போன்ற சில இடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி தேவைப்பட்டது. எங்கள் தமிழ் வாசிப்பு வட்டத்துக்கு இப்போது வரும் கட்டுமான ஊழியர் ஒருவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டேன். "அண்ணே, சாப்பாட்டையும் இடத்தையும் பொறுத்துக்கலாம். எப்ப விடுவாங்கன்னு ஒரு தேதி சொல்லியிருந்தா போதும்" என்றார். ஹோட்டலில் என் மைத்துனருக்குக் கிடைத்ததும் இவருக்குக் கிடைக்காததும் அந்தத் தேதிதான்.

அரசாங்கம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை விடுதிகளில் இன்னும் சிறப்பாகச் செயல்பட்டிருக்க முடியும் என்று ஒப்புக்கொண்டது. புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர் என்றும், ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் என்றும் 2021லேயே விதி வந்தது. இவை கட்டடத்துக்கான திருத்தங்கள். வரிசைக்கான திருத்தம் இன்னும் வரவில்லை. தொற்றுநோய்களைக் கையாள்வதற்கென 2025 ஏப்ரலில் அமைக்கப்பட்ட புதிய அமைப்பிடம் இந்த மதிப்பீட்டை எழுதுபவனாக நான் கேட்பது இது: அடுத்த நோய்க்கான தடுப்பூசி வரிசையை வகுக்கும்போது, இட நெருக்கடியில் வாழ்வோருக்கு வயதைப் போலவே தனியாக ஓர் இடம் கொடுங்கள்; இயக்கக் கட்டுப்பாடு விதிக்கப்படும் எவருக்கும் அது நீங்கும் நிபந்தனையை அன்றே எழுதிக் கொடுங்கள்; அந்தத் தாள் தமிழிலும் வங்காளத்திலும் விடுதியின் ஒவ்வோர் அறைக்கும் செல்லட்டும்.