துணிக்கடையில நாள் முழுக்க நிக்கிறவங்களுக்கு இந்த டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டை சொல்லுவேன்

எங்க ஊர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி, மருந்துக்கடை மாடியில இருக்குற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் பத்தி எழுதுறேன். ஒன்றரை வருஷம் அங்க படிச்சேன். இந்த காலத்துல யாரு டைப்ரைட்டிங் கத்துக்குறாங்கன்னு கேக்குறவங்க காலையில 6 மணிக்கு வந்து மாடிப்படியில கிடக்குற செருப்பை எண்ணிப் பாருங்க.

நான் பத்தாவது முடிச்சிட்டு ஆறு வருஷம் ஒரு துணிக்கடையில சேலை செக்‌ஷன்ல நின்னேன். 2021ல நம்ம தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை குடுக்கணும்னு சட்டத்தையே திருத்தினாங்க, எங்க கடையிலயும் ரெண்டு ஸ்டூல் வந்துச்சு, ஆனா உக்காந்தா சூப்பர்வைசர் முறைப்பாரு, அதனால யாரும் உக்காரல. ராத்திரி வீட்டுக்கு வந்தா கால் வீங்கி கொலுசு உள்ள பதிஞ்சிருக்கும். ஆறு வருஷத்துல எனக்கு மேல போக ஒரு படி கூட இல்ல. எனக்கு அப்புறம் சேந்த பையன் பில்லிங்குக்கு போயிட்டான், பொண்ணுங்க சேலை மடிச்சுக்கிட்டே இருந்தோம். அது எனக்கு இன்னைக்கும் ஆறல.

இந்த இன்ஸ்டிட்யூட்ல எனக்கு ரொம்ப புடிச்சது டைம் தான். 6லேர்ந்து 7 வரைக்கும் ஒரு பேட்ச், முடிச்சிட்டு வீட்டுல சமைச்சு வச்சிட்டு 9.30க்கு கடைக்கு போயிடலாம். மாசம் 600 ரூபா. எனக்கு பக்கத்து மெஷின்ல ஒரு அண்ணன், திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்துட்டு ஊருக்கே திரும்பி வந்தவரு, 38 வயசுல ஏ எஸ் டி எஃப்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. சார் அவரையும் காலேஜ் பசங்களையும் ஒரே மாதிரி தான் நடத்துனாரு.

தமிழ் மெஷின் முதல்ல கை குழப்பும். எழுதும்போது எழுத்தை எழுதிட்டு மேல புள்ளி வைப்போம், மெஷின்ல புள்ளிய முதல்ல அடிக்கணும், அதுல காகிதம் நகராது, அப்புறம் எழுத்து அடிச்சா அதுக்கு மேல உக்காரும். எனக்கு இது பழக மூணு வாரம் ஆச்சு, ஷிப்ட் அழுத்தி அழுத்தி சுண்டு விரல் வேற வலிக்கும். சார் பின்னாடி வந்து நின்னு சத்தத்தை மட்டும் கேப்பாரு, தாளம் தப்புனா "கீழ பாக்காதம்மா, பேப்பரைப் பாரு"ன்னு சொல்லுவாரு. அரசு டைப்ரைட்டிங் பரீட்சையில ஜூனியர்னா நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியர்னா 45, அந்த வேகம் இப்படித்தான் வந்துச்சு.

குறைன்னா தமிழ் மெஷின் நாலு தான் இருக்கு, பரீட்சை நெருங்குறப்ப வரிசையில நிக்கணும். ரிப்பன் மங்கிப்போனாலும் கேட்டா தான் மாத்துவாங்க. லேடீஸ் டாய்லெட் கீழ கடையில சாவி வாங்கி போகணும், இத கண்டிப்பா சரி பண்ணணும் சார்.

2024 பிப்ரவரியில தமிழ், இங்கிலீஷ் ரெண்டு ஜூனியரும், ஆகஸ்ட்ல தமிழ் சீனியரும் பாஸ் பண்ணேன். அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி நடத்துற குரூப் 4ல டைப்பிஸ்ட் போஸ்ட்டுக்கு ஒரு மொழியில சீனியர், இன்னொண்ணுல ஜூனியர் இருந்தா போதும், பத்தாவது படிச்சிருந்தாலே அப்ளை பண்ணலாம், இன்டர்வியூ கிடையாது, சம்பளம் 19,500ல ஆரம்பிக்குது. இதெல்லாம் கடையில எங்களுக்கு யாரும் சொன்னதில்ல, சார் தான் போர்டுல எழுதிப் போட்டு விளக்குனாரு. ஆனா எழுத்துத் தேர்வுக்கு இங்க கோச்சிங் கிடையாது, அதை நீங்களே தான் படிக்கணும். 2025 ஜூலை 12 நடந்த குரூப் 4 எழுதுனேன், கிடைக்கல, அடுத்ததுக்கு படிச்சுக்கிட்டு இருக்கேன்.

நடுவுல கோர்ட் பக்கத்துல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிங் வேலை கிடைச்சுது, அதுவும் சார் சொல்லி விட்டது தான். அங்க கம்ப்யூட்டர், ஆனா தமிழ்ல டைப் பண்ற என்ஹெச்எம் ரைட்டர்ங்கிற சாஃப்ட்வேர்ல பழைய டைப்ரைட்டர் லேஅவுட் இருக்குறதால விரல் அப்படியே ஓடுது. கடையில 9,500, இங்க 11,000. ஞாயித்துக்கிழமை லீவு. எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கு, அதுல உக்காந்து தான் வேலை பாக்குறேன்.

சேரணும்னா ஆகஸ்ட் பரீட்சை முடிஞ்ச உடனே போய் பேர் குடுங்க, அப்ப தான் காலை பேட்ச்ல தமிழ் மெஷின் காலியா இருக்கும்.