கார்ட்டரும் கிளிண்டனும்: குணத்தை வைத்தா, செயலை வைத்தா எடைபோடுவது?

அமெரிக்க அதிபரான பின்னும் தம் உடுப்புப் பையைத் தாமே தோளில் சுமந்த ஜிம்மி கார்ட்டரின் நேர்மையை எதிரிகளும் பெரிதாகக் குறை கூறியதில்லை. ஆயினும் விலைவாசியும், ஈரானின் தெஹ்ரானில் நீடித்த அமெரிக்கப் பிணைக்கைதிகள் விவகாரமும் 1980 தேர்தலில் அவரை வீழ்த்தின. பின்னாளில் அதிபரான பில் கிளிண்டனோ, வெள்ளை மாளிகைப் பயிற்சிப் பணியாளராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியுடன் தமக்கிருந்ததாக எழுந்து, 1998 ஜனவரியில் தொலைக்காட்சியில் விரலை ஆட்டி மறுத்த உறவைப் பின்னர் ஒப்புக்கொள்ள நேர்ந்து, டிசம்பரில் பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கும் ஆளானார். 1969-க்குப் பிறகு முதல்முறையாக அரசின் வரவுசெலவு உபரி கண்டதும் 1998 நிதியாண்டில்தான். செனட் சபை 1999 பிப்ரவரியில் அவரை விடுவித்தது.

செயலை மட்டும் பார்த்தால் கிளிண்டனின் தட்டே தாழும். ஆனால் உறவு அவர் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்கினாலும், சத்தியப்பிரமாணத்தின் பேரில் உண்மையை மறைத்ததை அப்படி ஒதுக்க முடியாது. அதிபர் பதவியை ஏற்பதே ஒரு பிரமாணத்தின் பேரில்தானே? மறுபுறம், 1978-இல் அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் 13 நாள்கள் பொறுமையாக அமர்ந்து எகிப்தையும் இஸ்ரேலையும் உடன்பட வைத்தது கார்ட்டரின் அதே குணம்தான்.